ஈரத்தின் பிரஜைகள்

அக்கினித் தலம் என்று பிரசித்தி பெற்ற ஊரில் பிறந்து, சித்திரை மாதத்து நடுப்பகலில் கோயில் பிராகாரக் கருங்கல்லில் குதிகால் பதியாமல் ஓடிப் பழகி, வெயிலை வைதுகொண்டும் வெயிலில்லாத ஊர்களுக்குப் போனால் அதற்காகவே ஏங்கிக்கொண்டும் அறுபது பிராயத்தைக் கடந்துவிட்ட நான், ஈரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பது எனக்கே வேடிக்கையாகத்தான் இருக்கிறது. பஞ்சபூத ஸ்தலங்களுள் அப்புவைத் திருவானைக்காவுக்குக் கொடுத்துவிட்டு, அண்ணாமலைக்கு நெருப்பை ஒதுக்கினார்கள் நம் முன்னோர். ஆகையால் ஈரத்தின் சுபாவங்களை விசாரிப்பதற்குக் காவேரிக் கரை எழுத்தாளர் எவரேனும் முன்வந்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். ஆனால், சென்ற ஐப்பசியில் பெங்களூரில் என் தங்கை மகனுடைய வீட்டில் பத்து நாள் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குக் காவலிருக்க நேர்ந்தபோது, மூக்கு நுனியில் வந்து உட்கார்ந்த ஒரு கறுப்புப் பூச்சி, கடுகில் பாதி கனம்கூட இராத ஒரு ஜந்து, இந்த விஷயத்தை என் தலையில் கட்டிவிட்டுப் பறந்துவிட்டது.

பெட்டி என்று சொன்னேன். வனம் என்றே சொல்லியிருக்கலாம். இரண்டடி அகலமும் மூன்றடி உயரமும் உள்ள கண்ணாடிக் கூட்டுக்குள் அடியில் கூழாங்கல், அதற்கு மேல் கொசுவலைத் துணி, அதற்கும் மேல் தேங்காய் நார்த்தூளும் இலைமட்கும் கலந்த அரையடி மண், அந்த மண்ணில் மணிபிளாண்ட், பெரணி, ஒரு மூலையில் பாம்புக் கற்றாழை, பாசி படர்ந்த ஒரு மரத்துண்டு என்று, மலைச்சாரலிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்து வந்து வைத்ததுபோல் மருமகன் சிங்காரித்திருந்தான். இத்தனை சம்பிரமமும் ஒரே ஒரு பல்லிக்காக. அதுவும் நம் சுவர்ப் பல்லி அன்று. பசிபிக் சமுத்திரத்திலுள்ள நியூ கலிடோனியாத் தீவின் குலத்தைச் சேர்ந்தது. கண்ணுக்கு மேலே இமைமயிர்போல் ஒரு முள்வரிசையும், அதிலிருந்து முதுகுவரை இறங்கும் சிறு கொண்டையும் உடையது. 1866-ல் சாஸ்திரப் பெயர் சூட்டப்பெற்று, பின்பு வெகுகாலம் ஒருவர் கண்ணிலும் படாமல், வம்சமே அற்றுப்போயிற்று என்று எல்லாரும் கைவிட்ட பிறகு 1994-ல் அத்தீவிலேயே மறுபடியும் அகப்பட்ட இனம் இது. இமைமயிர்போல் ஒன்று இருக்கிறதே தவிர இமை கிடையாது. ஆகையால் கண்ணில் தூசு விழுந்தால் நாக்கை நீட்டித் தானே துடைத்துக்கொள்கிறது. இதை முதல்தடவை பார்த்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்க வெகுநேரமாயிற்று.

இந்தப் பிராணியை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து காட்டேன் என்று தங்கை ஒருமுறை கேட்டிருக்கிறாள். இருபத்தெட்டு டிகிரிக்கு மேல் உஷ்ணம் நீடித்தால் அதற்கு ஆபத்து என்று பையன் சொன்னதும் பேச்சு நின்றுவிட்டது. எங்கள் ஊரில் மார்கழி விடியற்காலைதான் அதற்குச் சௌகரியப்படும். வேறொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆசைப்பட்டவர் ஆசைப்பட்ட பிராணியை வீட்டில் வைத்துக்கொள்ள நம் தேசத்தில் சட்டம் இடந்தராது. உடும்பு, மலைப்பாம்பு, நட்சத்திர ஆமை முதலியவற்றை வளர்ப்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அயல்தேசத்துப் பிராணிகளிலும் பலவற்றுக்கு இப்பொழுது பதிவு கேட்கிறார்கள். என் மருமகன் காகிதங்களையெல்லாம் ஒழுங்காக வைத்திருந்தான் என்பதைப் பார்த்த பிறகுதான் காவல் வேலைக்கு நான் சம்மதித்தேன்.

"மாமா, காலையில ஒருதடவை, மத்தியானம் ஒருதடவை, ராத்திரி ஒருதடவை இந்த பம்ப்ல நல்லா தண்ணி அடிச்சிடுங்க. அது மழைக்காட்டுல இருக்கிறது. காயவே விடக்கூடாது" என்று சொல்லிவிட்டு அவன் விமானம் ஏறினான். பழகாத வீட்டில் பழகாத ஜீவனை ஒப்படைத்துவிட்டுப் போகிறானே என்ற பயத்தினால், அவன் சொன்னதற்குக் குறையாமல் மட்டும் அல்ல, கொஞ்சம் கூடவே நான் தண்ணீர் அடித்தேன்.

மூன்றாம் நாள் கண்ணாடியின் உட்புறத்தில் சிறு பூச்சிகள் நடமாடக் கண்டேன். கொசு என்று நினைத்துக் கையை ஓங்கினால், கொசுவைப்போல் சாமர்த்தியமாகத் தப்பத் தெரியவில்லை. பறப்பதைவிட ஓடுவதில்தான் அவற்றுக்குப் பிரியம். கண்ணாடியில் அவசரம் அவசரமாக, கச்சேரிக்கு நேரமாகிவிட்ட குமாஸ்தாவைப்போல் ஓடி, ஓரத்துக்கு வந்ததும் எதற்காக வந்தோம் என்பதை மறந்தாற்போல் நின்று, திரும்பவும் ஓடுகின்றன. கடிப்பதில்லை. ஆனால் காப்பித் தம்ளரில் விழுவதையும், புஸ்தகத்தின் பக்கங்களுக்கிடையே நசுங்குவதையும், பேச வாயைத் திறந்தால் உள்ளே புகுவதையும் ஒரு விரதமாகவே கொண்டிருந்தன. ஐந்தாம் நாள் நூறு இருக்கும். பெட்டியின் சொந்தக்காரரான பல்லியோ, பகல் முழுவதும் மணிபிளாண்ட் இலைக்கடியில் உறங்கிவிட்டு, இரவில் எழுந்து, தன் மூக்கின்மேலேயே ஒன்று உட்கார்ந்திருந்தபோதிலும் சட்டை செய்யாமல், பழப்பொடியைக் குழைத்து வைத்த கிண்ணத்தை நக்கப் போய்விட்டது. இத்தனை சின்ன இரைக்காக வாயைத் திறப்பது அதன் கௌரவத்துக்குப் பொருந்தவில்லை போலும்.

இப்படிப்பட்ட இடத்தில் முதலில் செய்ய வேண்டியது கோபப்படுவதன்று, அடையாளம் காண்பது. பெட்டியில் இருந்தவை ஒரே ஜாதி என்று நான் எண்ணியிருந்தது பிசகு. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது இரண்டு வகை தெரிந்தன. கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டிருந்தவை சற்றே குண்டாக, மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில், சிவப்புக் கண்ணோடு இருந்தன. வாழைப்பழத் தாற்றை மொய்க்கிற அதே ஈ. 1910-ல் அமெரிக்காவில் மார்கன் என்பவரின் ஆய்வுசாலையில் சிவப்புக் கண்ணுக்குப் பதில் வெள்ளைக் கண்ணோடு ஒன்று பிறந்து, பரம்பரையின் ரகசியத்தையே மனிதனுக்குக் காட்டிக்கொடுத்து, அவருக்கு 1933-ல் நோபல் பரிசும் வாங்கித் தந்த வம்சம். அதற்குப் பரிகாரம் சுலபம். பல்லி தின்றது போக மிஞ்சிய கூழை விடியற்காலையிலேயே எடுத்துக் கழுவிவிட்டு, பெட்டிக்கு வெளியே ஒரு தம்ளரில் கொஞ்சம் காடியும் ஒரு சொட்டுப் பாத்திரம் துலக்கும் சோப்பும் கலந்து வைத்தால், இரண்டே நாளில் கதை முடிந்துவிடுகிறது.

மற்றதுதான் விடாக்கண்டன். ஒல்லியான கறுப்பு உடல், நீண்ட கால், மணிகோத்தாற்போல் உணர்கொம்பு. காளான் வளர்ப்பவர்களுக்கு இது பழைய சத்துரு. அவர்கள் காளான் ஈ என்பார்கள். மாடித்தோட்டக்காரர்கள் 'தொட்டியில கருப்புக் கொசு' என்பார்கள். பறக்கிற பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தால் இதன் விஷயம் ஒன்றும் விளங்காது; சிருஷ்டியெல்லாம் மண்ணுக்குள்ளே நடக்கிறது. அதைக் காண்பதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. உருளைக்கிழங்கை அரைவிரல் கனத்துக்கு வட்டமாக நறுக்கி, வெட்டிய பக்கம் மண்ணில் படும்படி கவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். நான் பார்த்தேன். கிழங்கின் ஈரமான முகத்தில், சேமியா நூலைப் பத்தாகக் கிழித்தாற்போன்ற மெல்லிய புழுக்கள் பதினேழு நெளிந்தன. உடம்பு கண்ணாடி, தலை மட்டும் மினுங்குகிற கறுப்புப் புள்ளி. அவை தின்ற மண், உடலின் நடுவே ஒரு கறுப்புக் கோடாக ஊர்ந்து போவதைக்கூட வெளியிலிருந்தே பார்க்க முடிந்தது. எதையும் ஒளித்து வைக்கத் தெரியாத ஒரு ஜீவன்.

பக்கத்திலேயே வெள்ளையாய் எள்முனை அளவில் துள்ளிக்கொண்டிருந்தவற்றைப் பார்த்து அவையும் புழுக்கள்தாமோ என்று திகைத்தேன். தொலைபேசியில் மருமகன் சிரித்தான். அவை மண்ணைச் சுத்தம் செய்வதற்காக அவனே காசு கொடுத்து வாங்கிவிட்ட பூச்சிகளாம். பல்லியின் எச்சத்தையும் பூஞ்சையையும் தின்று பெட்டிக்குத் தோட்டி வேலை பார்க்கின்றனவாம். காசு கொடுத்து அழைத்த பூச்சி பந்துமித்திரன், தானே வந்த பூச்சி சத்துரு! இரண்டுக்கும் ஆகாரம் என்னவோ ஒன்றுதான்.

அந்த ஆகாரத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். இந்தப் புழு உயிர்வாழ்வது பெரும்பாலும் பூஞ்சையின்மேல். பூஞ்சை உண்டாவது மட்கின்மேல். மட்கில் பூஞ்சை பிடிப்பதற்குக் காரணம் ஓயாத ஈரம். அந்த ஈரத்துக்குக் காரணம் காலை, மத்தியானம், ராத்திரி என்று பம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற நான். பூஞ்சை போதாவிட்டால் செடியின் மெல்லிய வேர்மயிர்களையும் அவை கடிக்கும். அப்பொழுது இலை மஞ்சளிக்கும். இலை மஞ்சளிப்பதைக் கண்ட நாம், பாவம் செடி வாடுகிறதே என்று இன்னும் ஒரு குவளை ஊற்றுவோம். வெளியிலிருந்து படையெடுத்து வந்ததாக நாம் நினைக்கிற எதிரி, உண்மையில் நாமே மானியம் கொடுத்துக் குடியேற்றிய பிரஜை. அன்பினால் செய்தது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் தொட்டிச் செடிகளைக் கொல்வதில் உதாசீனத்தைவிட அன்புக்கே பங்கு அதிகம் என்பது நாற்பது வருஷமாகத் தொட்டி வைத்துப் பார்த்தவனுடைய அபிப்பிராயம்.

அக்கினித் தலமானால் என்ன, வெயில் புகாத பொந்து எங்கேயும் உண்டு. எங்கள் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் பாதாள லிங்கச் சந்நிதி இருக்கிறது. படியிறங்கிப் போக வேண்டும். 1896-ஆம் வருஷம் செப்டம்பர் முதல் தேதி இந்த ஊரில் வந்து இறங்கிய வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பிள்ளை, தேகப் பிரக்ஞையற்று அந்த இருட்டில் உட்கார்ந்திருந்த நாட்களில், எறும்பும் பூச்சிகளும் தொடையை அரித்துப் புண்ணாக்கி, சீழும் ரத்தமும் வடிந்தும் அறியாதிருந்தார் என்பதும், பிறர் போய்த் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள் என்பதும், அவரே பின்னாளில் ரமண மகரிஷி ஆனார் என்பதும் ஊரறிந்த சரித்திரம். செப்பனிட்ட அந்தச் சந்நிதியை 1949-ல் ராஜாஜி திறந்து வைத்தார்; இன்றைக்கு விளக்கும் உண்டு, சுத்தமும் உண்டு. தேகத்தை மறந்தவருக்குப் பூச்சிகளின் ஸ்மரணை இல்லாமலிருந்தது சரி. தேகத்தைவிட்டு ஒரு க்ஷணமும் நகராத நமக்கு அந்த மார்க்கம் இல்லை. வெளிச்சமும் காற்றும் புகுவதற்கு வழி செய்வதுதான் நம்மால் ஆகக்கூடிய சாதனை.

ஊர்வனவற்றை அடைத்து வைத்துப் பார்ப்பது எங்கள் ஜில்லாவுக்குப் புதிதல்ல. தென்பெண்ணையின் குறுக்கே 1958-ல் கட்டி முடித்த சாத்தனூர் அணைக்குப் போகிறவர்கள், பக்கத்திலுள்ள முதலைப் பண்ணையையும் பார்க்காமல் திரும்புவதில்லை. அங்கே வாயைப் பிளந்துகொண்டு வெயில் காயும் முதலைகளைச் சுற்றிலும் மரமும் உண்டு, பாசித் தண்ணீரும் உண்டு, பூச்சியும் ஏராளம். ஆனாலும் பூச்சி ஒரு பிரச்னையாவதில்லை. ஏனென்றால் மேலே கூரை இல்லை, தும்பியும் தவளையும் கரிச்சானும் வந்துபோகக் கதவு திறந்திருக்கிறது, வெயில் விழுகிறது, காற்று அடிக்கிறது. கண்ணாடிப் பெட்டியில் காட்டின் ஈரத்தை மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அந்த ஈரத்தைக் காய வைக்கிற காற்றையும், மிஞ்சினதைத் தின்று தீர்க்கிற வாய்களையும் வெளியே நிறுத்திவிட்டோம். 'இயற்கையை வீட்டுக்குள் கொண்டுவருகிறேன்' என்று இக்காலத்தில் பலர் சொல்லக் கேட்கிறேன். அவர்கள் கொண்டுவருவது இயற்கையின் தளிர்களை மட்டும்தான்.

மருமகன் பதறிப்போனான். "மாமா, மருந்து அடிச்சிடலாமா? அலமாரில கொசு ஸ்பிரே இருக்கும் பாருங்க."

"வேணாம்டா. பூச்சி இருக்கிற பெட்டியிலதான் பல்லியும் இருக்கு" என்றேன்.

கடையில் விற்கும் கொசு மருந்துகளில் பெரும்பாலானவற்றின் மூலம், செவ்வந்தி வகையைச் சேர்ந்த ஒரு பூவிலிருந்து எடுத்த நஞ்சும் அதைப் பார்த்துச் செய்த செயற்கைச் சரக்குகளுமே. மனிதருக்கு அவ்வளவாக உறைக்காத அளவு, மூடிய கண்ணாடிக்குள் ஒரு பல்லியின் நரம்பைப் பிடித்துவிடும். பூவிலிருந்து வந்தது என்பதனால் சாது என்று ஆகிவிடாது, அரளியும் பூதானே? என் தங்கை தன் பங்குக்கு, "சாம்பிராணி போட்டு மூடிடுண்ணா" என்றாள். புகை பூச்சியைத் துரத்தும், வாஸ்தவம்; ஓடுவதற்கு இடம் இருந்தால். பெட்டிக்குள் புகை போட்டால் முதலில் மூச்சுத் திணறுவது யார் என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டாள்.

ஆகையால் செய்தது இவ்வளவுதான். அடியிலிருந்த கூழாங்கல்லில் தேங்கி நின்ற தண்ணீரை, மெல்லிய ரப்பர்க் குழாயை விட்டு உறிஞ்சி எடுத்தேன். ஒன்றேகால் லிட்டர் வந்தது, கூவம் வாசனையோடு. விழுந்து அழுகிய இலைகளைப் பொறுக்கினேன். மண்ணின் மேலே ஓரங்குலம் ஆற்றுமணலைக் கழுவிக் காயவைத்துப் பரப்பினேன். பெண் பூச்சி முட்டையிடத் தேடுவது ஈரமான மேல்மண்ணை, உலர்ந்த மணலில் அதற்கு நம்பிக்கை பிறப்பதில்லை. இதில் ஒரு சூக்ஷ்மம் உண்டு. பெட்டியை அடியோடு காயப் போட்டுவிடவும் கூடாது. காற்றில் ஈரம் இல்லாவிட்டால் பல்லிக்குச் சட்டை உரியாது. விரல்களில் பழந்தோல் இறுகிப் பிடித்து விரலே போனாலும் போகும். அது தண்ணீர் குடிப்பதும் இலையில் நிற்கிற சொட்டுகளை நக்கித்தான். எனவே மண்ணுக்கு வார்ப்பதை நிறுத்திவிட்டு, இரவில் ஒருமுறை இலையிலும் கண்ணாடியிலும் மட்டும் பனிபோல் தெளித்து, பகலில் மேல்மூடியின் வலையைத் திறந்து உலரவிட்டேன். ஈரம் வர வேண்டும், வந்தால் போகவும் வேண்டும். வெளியே மழைக்காடும் அப்படித்தான் இருக்கிறது. காயவே காயாத காடு மருமகனுடைய கற்பனையில் மட்டும் உள்ளது.

இன்னொரு துணையும் தேடினோம். 1976-ல் இஸ்ரேலின் நெகெவ் பாலைவனத்தில் ஒரு குட்டையில் செத்து மிதந்த கொசுப்புழுக்களிலிருந்து விஞ்ஞானிகள் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். புழு அதை விழுங்கினால், அதன் குடலிலுள்ள காரத்தில் கரைந்து விஷமாகிக் குடலைத் துளைத்துவிடுகிறது. கொசுப்புழுவுக்கும் காளான் ஈயின் புழுவுக்கும் எமன். பல்லிக்கும் பசுவுக்கும் மனுஷனுக்கும் வெறும் தூசு. பாலைவனத்துச் சரக்கு என்று மலைக்க வேண்டாம். 1975-ல் புதுச்சேரியில் ஏற்படுத்திய, நோய் பரப்பும் பூச்சிகளுக்கான மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையத்தார், இதே ஜாதி பாக்டீரியாவின் உள்நாட்டு ரகம் ஒன்றைக் கண்டெடுத்துக் கொசு ஒழிப்புக்கு வழங்கியிருக்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் மூன்று மணிப் பிரயாணம். அந்தப் பொடியைத் தண்ணீரில் கரைத்து, வாரம் ஒருதரம் செடிகளின் தூரில் மட்டும் கொஞ்சமாக விட்டோம். பறக்கிற பூச்சியை அது ஒன்றும் செய்யாது. அது பாட்டுக்குப் பறந்து, ஏழெட்டு நாளில் தன் ஆயுளை முடித்துக்கொள்ளும். முட்டையிலிருந்து பூச்சியாக மூன்று நான்கு வாரம் ஆவதனால், ஒருமாத காலம் இந்த வைராக்கியத்தைக் கைவிடக்கூடாது. பலர் தோற்பது இங்கேதான். பத்தாம் நாள் பூச்சி குறைந்தவுடன் ஜயித்துவிட்டதாக எண்ணிப் பம்பைக் கையிலெடுத்துவிடுகிறார்கள். ஒரு பெண் பூச்சி இட்டுப்போகும் முட்டை இருநூறுவரை இருக்கும் என்பதை மறந்து.

பத்து நாள் முடிந்து, பொறுப்பை மருமகனிடம் ஒப்புவித்துவிட்டு, ஒரு சிறு பண்டிதனுக்குரிய கர்வத்தோடு ஊர் திரும்பினேன். கர்வத்துக்குத் தண்டனை பின்கட்டில் காத்திருந்தது.

பின்கட்டில் துளசி மாடத்தைச் சுற்றி இருபது தொட்டிகள் வைத்திருக்கிறேன். குரோட்டன்ஸ், வெற்றிலைக் கொடி, இரண்டு அடுக்குமல்லி. ஐப்பசி மழையில் அவற்றிலும் அதே கறுப்புப் பூச்சி மொய்த்தது. போதாக்குறைக்கு, நான் ஊருக்குப் போகுமுன் மல்லாட்டைப் புண்ணாக்கை ஊறவைத்து ஊற்றிவிட்டுப் போயிருந்தேன். எங்கள் பக்கத்து வயல்களில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பேர். அதன் புண்ணாக்கு செடிக்கு அமிர்தம், பூஞ்சைக்கோ கல்யாண விருந்து. பெட்டிக்குச் செய்த சிகிச்சையை இங்கேயும் பொறுமையாகச் செய்திருக்கலாம். சொந்த வீட்டில் பொறுமை வருவதில்லை. உரக்கடையில் மஞ்சள் ஒட்டுப்பொறி விற்கிறார்கள். முன்பெல்லாம் தகரத்துக்கு மஞ்சள் வர்ணம் அடித்து ஆமணக்கெண்ணெய் தடவிக் கத்தரிக் கொல்லையில் நட்டு வைப்பார்கள், அதன் நவீன அவதாரம். நான்கு வாங்கி, ஒன்றைத் துளசி மாடத்துக்கு மேலே டியூப்லைட்டுக்குக் கீழே சுவரில் மாட்டினேன். சாயங்காலத்துக்குள் கறுப்பாகிவிட்டது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அந்த டியூப்லைட் யாருடைய ராஜ்யம் என்பதை நான் யோசிக்கவில்லை. மழைக்காலம் பூராவும் அந்த வெளிச்சத்துக்கு வரும் ஈசலையும் பூச்சியையும் தின்று, எனக்குத் தெரிந்து மூன்று வருஷமாக அங்கே குடித்தனம் பண்ணுகிற ஒரு சுவர்ப் பல்லி உண்டு. நூறு பூச்சி ஒரே இடத்தில் அசையாமல் காத்திருக்கும் இலையை அது என்னவென்று நினைத்திருக்கும்? விடியற்காலை ஐந்து மணிக்குக் கொல்லைக் கதவைத் திறந்தபோது, அட்டையின்மேல் மூன்று கால்களும் மோவாயும் வயிறும் பதிய அது ஒட்டிக்கொண்டிருந்தது. நான்காவது கால் மட்டும் காற்றில் எதையோ பற்றப் பார்த்துக்கொண்டிருந்தது. வால் கழன்று பக்கத்திலே தனியாக ஒட்டியிருந்தது.

இழுத்தால் தோல் உரிந்துவிடும். தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தோய்த்து, ஒவ்வொரு விரலின் ஓரத்திலும் விட்டு, எண்ணெய் பசைக்குள் ஊறும்வரை காத்திருந்து, தீக்குச்சியின் மழுங்கின நுனியால் விரல் விரலாக நெகிழ்த்தினேன். விரலுக்கடியில் மடிப்பு மடிப்பாக விசிறிபோல் உள்ள அந்தப் பாதத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. எந்தப் பசையும் இல்லாமல், கண்ணுக்குத் தெரியாத லட்சோபலட்சம் மயிரிழைகளால் கண்ணாடியிலும் கூரையிலும் தலைகீழாக நடக்கிற பாதம், மனிதன் காய்ச்சிய பசையில் மாட்டிக்கொண்டிருந்தது. வயிற்றுத் தோலின் ஊடே இருதயமோ வேறு எதுவோ படபடவென்று அடிப்பது தெரிந்தது. அரைமணி நேரம் ஆயிற்று. விடுபட்டதும் ஓடவில்லை, துளசி மாடத்துப் பிறையில் எண்ணெய் வழிய வெகுநேரம் அப்படியே இருந்தது. பிறகு காணவில்லை.

"காஞ்சிபுரம் போய்த் தங்கப் பல்லியைத் தொட்டுட்டு வந்துடுங்க" என்றாள் மனைவி. வரதராஜர் கோயிலில் அப்படி ஒரு நிவர்த்தி இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அது பல்லி நம்மேல் விழுந்த தோஷத்துக்கு. தலையில் விழுந்தால் இன்ன பலன், தோளில் விழுந்தால் இன்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் பக்கம் பக்கமாக அச்சிட்டிருக்கிறார்கள்; பல்லியின்மேல் மனிதன் விழுந்தால் பல்லிக்கு என்ன பலன் என்று எந்தப் பஞ்சாங்கக்காரரும் எழுதவில்லை.

அன்று பகல் முழுவதும் எனக்குக் குளவிக் கதைதான் நினைவில் ஓடியது. மலையில் நடந்துகொண்டிருந்த ரமணரின் கால், புதரில் மறைந்திருந்த குளவிக்கூட்டில் தெரியாமல் பட்டுவிட்டது. குளவிகள் அந்தக் காலை மட்டும் மொய்த்துக் கொட்டின. கூட்டைக் கலைத்த காலுக்கு இது நியாயமான தண்டனை என்று, அவை ஓயும்வரை அவர் அசையாமல் நின்றார். அறியாமல் நேர்ந்ததற்கு ஏன் இரங்க வேண்டும் என்று பின்னால் அவருடைய சீடர் முருகனார் செய்யுளில் கேட்க, ரமணர் செய்யுளிலேயே பதிலும் சொன்னார். அறியாமல் செய்தது என்பதை அவர் ஒரு சலுகையாக ஏற்றுக்கொள்ளவில்லை என்பது அந்தப் பதிலின் சாரம். என்னுடையதோ அறியாமையும் அன்று. அட்டையை மாட்டும்போது ஆணியடித்த இடத்தில் பல்லியின் எச்சம் இருந்தது. துணியால் துடைத்துவிட்டுத்தான் அடித்தேன்.

நான்கு அட்டைகளையும் கழற்றி, எண்ணெய் தடவிப் பசையைச் செத்துப்போகச் செய்து குப்பையில் சேர்த்தேன். தொட்டிகளில் மணல் பரப்பினேன். புண்ணாக்கை நிறுத்தினேன். தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு மலையுச்சியில் ஜோதி தெரிந்ததும் வாசலில் அகல் வரிசையை ஏற்றிவிட்டுப் பின்கட்டுக்குப் போனபோது, டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பல்லியைப் பார்த்தேன். மொட்டை வாலில் நகத்தளவுக்கு ஒரு கறுப்பு முளை விட்டிருந்தது. மாசிக்குள் முக்கால்வாசி வளர்ந்துவிட்டது. பழையதைவிடக் குட்டை, நிறமும் ஒத்துப்போகவில்லை. இப்படி வளரும் வாலுக்குள் முள்ளெலும்பு இருப்பதில்லையாம், வெறும் குருத்தெலும்புதான். ஆனாலும் வால்.

மருமகன் ஐந்தாவது வாரம் வைத்த உருளைக்கிழங்கில் புழு இல்லை என்று எழுதியிருந்தான். தப்பித்தவறி நடமாடும் ஒன்றிரண்டைப் பிடிக்க மஞ்சள் அட்டை வாங்கிப் பெட்டிக்குள்ளே மாட்டலாமா என்றும் கேட்டிருந்தான். அவனுடைய கொண்டைப் பல்லிக்கு வால் ஒருமுறை போனால் போனதுதான், மறுபடி முளைக்காது. மாட்டாதே என்று அன்றைக்கே தந்திபோல் இரண்டு வார்த்தையில் பதில் அனுப்பினேன்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் அப்படிப்பட்ட அட்டை தொங்குமானால், எழுந்து போய், பல்லி எட்டுகிற இடத்தில் இருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துவிடுங்கள். ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் தேங்காய் எண்ணெய் விடுங்கள், இழுக்காதீர்கள்.